நீ ஒருநாளும் பார்க்காத என் கணவர்

அன்புள்ள மாடிக்காரிக்கு,

பல்லுக்காரி எழுதுவது. இங்கே நலம். நீயும் நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன் என எழுதுவது முறை. முறைக்காக எழுதிவிட்டேன்.

இந்தக் கடிதத்தை உன் வீட்டுக்கு அனுப்பாமல் நீ வேலை செய்யும் நூலகத்துக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு வரும் எதையும் உன் கணவர் பிரித்துப் படித்த பிறகுதான் அது உன் கைக்கு வரும். உன் மேல் இவ்வளவு கோபம் இருந்தும், உறையில் விலாசம் எழுத உட்கார்ந்தபோது முதலில் அதுதான் ஞாபகம் வந்தது. பதினான்கு வருடப் பழக்கம், சட்டென்று விடாது போலிருக்கிறது.

பட்டறையில் மெருகு போடும் இயந்திரம் புதிதாக வந்திருக்கிறது. சத்தம் குறைவு, தூசி அதிகம். முதலாளிக்குக் கண்புரை எடுத்தார்கள். அன்றிலிருந்து நான் செய்கிற ஒவ்வொரு பல் செட்டிலும் குறை கண்டுபிடிக்கிறார். இத்தனை நாள் கண் தெரியாமல்தான் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தாரோ என்னவோ. நீ இருந்த மாடி வீட்டுக்கு இளம் தம்பதி வந்திருக்கிறார்கள். நாள் முழுக்க நாற்காலியை இழுத்து இழுத்துப் போடுகிறார்கள். மேலே ஏதாவது விழுந்தால் எனக்கு இன்னும் நெஞ்சு பக்கென்று ஆகிறது. பிறகு, அது நாற்காலிதான் என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

மகள் விடுதியில் இருக்கிறாள். இயன்முறை மருத்துவம், இரண்டாம் வருடம். அவளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் உன் புத்தகத்தைப் பற்றி எழுத வேண்டும்.

வெளியீட்டு விழாவுக்கு நீ எனக்கு மூன்றாம் வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தாய். பட்டறையில் அரை நாள் விடுப்புச் சொல்லி, நகத்துக்குள் இருந்த பிளாஸ்டரை ஊசி வைத்துச் சுரண்டி எடுத்துவிட்டு வந்தேன். வாசலில் உன் கணவர் என்னைப் பார்த்து, "வாங்க வாங்க, உங்களைப் பத்திதான் எழுதியிருக்கா" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மேடையில் அவர் பேசியதை நீயும் கேட்டாய்: "இதைப் படிக்கும்போது அந்தப் புருஷன்மேல எனக்கு வந்த கோபம் இருக்கே, கையில கெடச்சா விட்டிருக்க மாட்டேன். பொண்டாட்டிய அடிக்கிறவன் ஆம்பளையே இல்ல." கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். புத்தகத்தை அப்போது நான் பிரித்துக்கூடப் பார்த்திருக்கவில்லை. உன் கணவர் திருந்திவிட்டார் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கியது. அதை இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

மூன்று நாள் படித்தேன். முதல் நாள் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! எங்கள் பட்டறை அப்படியே இருந்தது. மெழுகு உருகும் வாசனை, வாய் மாதிரி திறந்து மூடும் அந்தக் கருவி, முதலாளியின் இருமல், பல்லின் நிறம் பார்க்கும் அட்டை, எல்லாம். பல் செய்கிற ஒரு விதவை. அவள் நான்தான். மாடியில் குடியிருக்கும் நூலகக்காரி. அவள் நீ. பிறகு, அந்த விதவையின் செத்துப் போன புருஷன் பழைய கதையில் வந்தான். லிஃப்ட் பழுது பார்ப்பவன். இடது கை ஆள்காட்டி விரலில் நுனி இல்லாதவன். கிரீஸ் போக சர்க்கரையும் சோப்பும் சேர்த்துத் தேய்த்துக் கை கழுவுகிறவன். வேலைக்குக் கிளம்பும்போது மகளிடம் "அஞ்சாவது மாடி போகலாமா?" என்று கேட்டு அவளைத் தலைக்கு மேல் தூக்குகிறவன். நான் உனக்குச் சொன்னது ஒன்று விடாமல் இருந்தது. படித்துக்கொண்டே அழுதேன். என் மனுஷனை இவள் மறுபடி நடமாட வைத்துவிட்டாளே என்று.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அதே கை அவள் வாயில் அறைகிறது.

பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். எனக்குத்தான் சரியாகப் புரியவில்லையோ என்று. முன்பல் இரண்டு உடைகிறது. அவள் கைக்குட்டையால் வாயை மூடிக்கொள்கிறாள். படியில் விழுந்ததாக எல்லோரிடமும் சொல்கிறாள். யாருக்கும் தெரியாமல் தனக்குத் தானே பல் செய்துகொள்கிறாள். யாரும் கண்டுபிடிக்காதபடி ஒரு பல்லை லேசாகக் கோணலாக வைக்கிறாள். பல வருடம் கழித்து மாடிக்காரி அதைத் தெரிந்துகொண்டு அவளைத் தேற்றி ஆளாக்குகிறாள். தனக்கே பல் செய்துகொண்ட பெண் என்று உன் புத்தகத்தைப் பற்றிப் பத்திரிகையில் எல்லாம் எழுதுகிறார்கள்.

அந்தக் கைக்குட்டை யாருடையது? பச்சைக் கரை போட்ட வெள்ளைக் கைக்குட்டை. என் கணவர் போய் ஆறு மாதம் கழித்து நீங்கள் மாடிக்கு வந்தீர்கள். அடுத்த வருடம் ஒரு மதியம் நீ பட்டறையின் பின்வாசல் வழியாக வந்து, வாயிலிருந்து அதை எடுக்காமலே மருத்துவர் கொடுத்த சீட்டை நீட்டினாய். படியில் விழுந்தேன் என்றாய். கன்னத்தில் மோதிரத் தடம் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அச்சு எடுத்தேன். மூன்றாம் முறை வந்தபோது நீயாகச் சொன்னாய். சொல்லி முடித்ததும் என் மகள்மேல் சத்தியம் வாங்கினாய். உன் பழைய புகைப்படத்தைப் பார்த்து அந்தக் கோணலை வைத்தது நான். கண்ணாடியைப் பார்த்து நீ முதல் முறை சிரித்ததும் என் முன்னால்தான்.

அதன் பிறகு நீ எனக்குச் செய்ததை நான் மறக்கவில்லை. பத்து வருடமாகப் பல் செய்தும் சான்றிதழ் இல்லாததால் கையெழுத்துப் போட உரிமை இல்லாமல் இருந்தவளைப் பரீட்சை எழுத வைத்தாய். விண்ணப்பத்தை நீயே நிரப்பினாய். சனிக்கிழமை மதியம் பட்டறை மூடிய பிறகு நான் பல்லுக்கு மெருகு போடுவேன், நீ நாவல் வாசிப்பாய். உனக்கு எப்போதும் ஒரே மாதிரி நாவல்தான் பிடிக்கும்: சேரவே வாய்ப்பில்லாத இரண்டு பெண்கள் சேர்ந்துவிடுவார்கள். எஜமானியும் வேலைக்காரியும், சிறைக் காவல்காரியும் கைதியும், ஒரே ஆளைக் கட்டிக்கொண்ட இரண்டு பேரும். கடைசியில் ஒருத்தியால் இன்னொருத்தியின் வாழ்க்கையே மாறிவிடும். "இவளுகள்ல ஒருத்திகூடவா இன்னொருத்திய காட்டிக் குடுக்க மாட்டா?" என்று ஒருமுறை கேட்டேன். "குடுத்தா அப்புறம் அந்த நாவல யாருடி படிப்பா?" என்று சிரித்தாய். உன் முதல் கதையை எழுதியதும் அந்த மேசையில்தான். வீட்டில் உன்னால் எழுத முடியாது. தாளை வீட்டுக்கு எடுத்துப் போகவும் பயந்தாய். என் அலமாரியில் பல் அச்சுகளுக்குப் பின்னால் வைத்துப் பூட்டுவேன்.

அதனால்தான் கேட்கிறேன். உன் வீட்டில் நடந்ததை எழுதிக்கொள். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் மேலே நடந்ததை எதற்குக் கீழே இறக்கினாய்? என் கணவரை நீ பார்த்ததே இல்லை. ஒருநாள்கூட. அவர் என்னை அடித்ததில்லை. கோபம் வந்தால் மொட்டை மாடிக்குப் போய் அடுத்த கட்டடத்து லிஃப்ட் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பத்து நிமிடத்தில் இறங்கி வந்து "டீ இருக்கா?" என்பார். அதுதான் எங்கள் சண்டையின் முடிவு. இதையும் உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அதை மட்டும் நீ எழுதவில்லை.

இனி மகள். அவள் கல்லூரியில் மாணவிகள் வாசகர் வட்டம் ஒன்று வைத்திருக்கிறார்கள். இந்த மாதம் உன் நாவல். "இத எழுதினது எங்க மாடி ஆன்ட்டி" என்று இவள்தான் பெருமையாக எடுத்துக் கொடுத்திருக்கிறாள். தொலைபேசியில் கூப்பிட்டாள். "அம்மா, அப்பா உன்னை அடிச்சாரா?" என்றாள்.

இல்லை என்றேன்.

"அந்த நாவல்லயும் அவ இல்லன்னுதாம்மா சொல்றா" என்றாள்.

சத்தியமாக இல்லை என்றேன். "ஆன்ட்டி அப்பாவப் பார்த்ததே இல்ல. நீ சொல்லாம அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பு உண்டா, சொல். விடுமுறைக்கு வந்தவள் என் வாயைத் திறக்கச் சொன்னாள். அவள் வயிற்றில் இருக்கும்போது சொத்தை விழுந்து எடுத்த ஒரு பல்லுக்கு நான் கட்டிக்கொண்ட பொய்ப்பல் மேல் வரிசையில் இருக்கிறதே, அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். கை கழுவப் போனாள். அப்பா போனபோது அவளுக்கு நான்கு வயது. அவளிடம் அவரைப் பற்றி இருப்பதெல்லாம் நான் சொன்னது மட்டும்தான். இப்போது அது அத்தனையும் அவளுக்குப் பொய். அவர் படத்தைத் தன் மேசையிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டாள்.

உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதும். ஆனால் சத்தியம் வாங்கியது அவள் தலைமேல். அதனால் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

உன்னை மேடை ஏறச் சொல்லவில்லை, பத்திரிகைக்கு எழுதச் சொல்லவில்லை, புத்தகத்தைத் திரும்ப வாங்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு நாள் வா. என் மகளுக்கு முன்னால் உட்கார்ந்து, "அது உங்க அப்பா இல்ல" என்று உன் வாயால் சொல். அவளிடம் மட்டும் போதும். அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள், நான் பொறுப்பு. அடுத்த மாதம் கடைசி வாரம் முழுக்க வீட்டில் இருப்பாள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

இப்படிக்கு,
பல்லுக்காரி

*

என் பல்லுக்காரிக்கு,

உன் கடிதத்தை நூலகத்தில் புத்தக அடுக்குகளுக்கு நடுவில் நின்றுகொண்டு படித்தேன். இதை மதிய இடைவேளையில் எழுதுகிறேன். அதற்குள் முடித்தாக வேண்டும்.

உன்னிடம் நடிக்க முடியாது. முதலில் எழுதியதில் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தது. மாடியில் நடந்தது மாடியில்தான் நடந்தது. நாற்பது பக்கம் முடிந்தபோது அவர் கண்டுபிடித்துவிட்டார். அலமாரியின் மேல் தட்டில் படுக்கை விரிப்புகளுக்குள் வைத்திருந்தேன். உட்கார்ந்து நிதானமாகப் படித்தார். அடிக்கவில்லை. அவர் அடிக்கவில்லை என்றால் எனக்கு இன்னும் பயம், உனக்குத் தெரியும். "எழுத்து நல்லா இருக்கு. ஆனா இதப் படிக்கிறவன் எவனும் என் மூஞ்சியத்தான் பார்ப்பான். மாத்து" என்றார். பேனாவையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

கிழித்துப் போட்டிருக்கலாம். பல நாள் அதைத்தான் யோசித்தேன். ஆனால் என் வாயில் விழுந்த அந்த அறையை எங்கேயாவது வைக்காமல் என்னால் மேலே ஒரு வரி எழுத முடியவில்லை. எனக்குத் தெரிந்த வேறு வீடு உன் வீடு ஒன்றுதான். நீ உன் கணவரைப் பற்றிச் சொன்னதெல்லாம் என்னிடம் பத்திரமாக இருந்தது. நான் அவரைப் பார்த்ததில்லை என்கிறாய். உண்மைதான், ஆனால் நீ சொல்லிக் கேட்டே, அப்படி ஒருவர் உனக்கு வாய்த்தாரே என்று பொறாமைப்பட்டிருக்கிறேன். அவரைத்தான் கெடுத்து எழுதினேன். உயிரோடு இல்லாதவருக்கு வலிக்காது என்று சொல்லிக்கொண்டு எழுதினேன். உன் மகள் படிப்பாள் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. அவள் இன்னும் பல் விழுந்த வாயோடு படியில் ஓடுகிறவளாகத்தான் எனக்கு ஞாபகம்.

என்னால் வர முடியாது. ஊர் மாறி வந்த பிறகு தனியாக எங்கும் போனதில்லை. அடுத்த பதிப்பில் பாத்திரங்கள் எல்லாம் கற்பனை என்று முதல் பக்கத்தில் போடச் சொல்கிறேன். அது உனக்குப் போதாது என்று எனக்கே தெரிகிறது. அவளிடம் சொல்லிவிடாதே என்று கெஞ்சிக் கேட்கிறேன். சின்னப் பெண், கோபத்தில் யாரிடமாவது வாய் விட்டுவிடுவாள். சுற்றிச் சுற்றி அது இந்த வீட்டுக்குத்தான் வரும். நீ எப்போதும் என்னைவிடத் தைரியசாலி. நீ தாங்கிக்கொள்வாய்.

மணி அடித்துவிட்டது. என்னைத் திட்டியாவது எழுது. எழுதாமல் இருந்துவிடாதே.

உன்,
மாடிக்காரி

*

மாடிக்காரிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பதில் போட வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நடந்ததை நீ என் வாயால் தெரிந்துகொள்வதுதான் நியாயம். உன்னைப் போல் நானும் உன் முதுகுக்குப் பின்னால் எதையும் செய்துவிடக் கூடாது.

அவருக்கு வலிக்காது என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் பட்டறைக்குப் போகும்போதும் வரும்போதும் மென்றுகொண்டே இருந்தேன். அவருக்கு வலிக்கவில்லை, சரி. அவருக்கு ஓர் அக்கா இருக்கிறாள்.

என் நாத்தனாரை உனக்குத் தெரியும். இரண்டு தெரு தள்ளி ரொட்டிக் கடையில் அடுப்பு பார்க்கிறவள். தாய் இல்லாத தம்பியைத் தன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டு வளர்த்தவள். எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் உன் புத்தகம் அவளிடம் போகாது என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் கடைக்கு வருகிற ஒருத்தி, "உங்க தம்பி கதைதானாமே" என்று அந்தப் பக்கத்தை அவளுக்கு வாசித்தே காட்டிவிட்டாள். மாவுக் கையோடு நின்று கேட்டிருக்கிறாள். விரல் நுனி இல்லாத கை என்று வந்ததும், போதும் நிறுத்து என்றாளாம்.

ஒரு மாதம் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. கடைக்குப் போனாலும் ரொட்டியை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். என்மேல் கோபம் என்று நினைத்தேன். தம்பி பெயரைக் கெடுத்துவிட்டாளே என்று நினைக்கத்தானே செய்வாள்?

மகள் வந்திருந்த அந்தக் கடைசி வாரம், ஞாயிற்றுக்கிழமை மதியம், நாத்தனார் வந்தாள். நான் துவைத்த துணி மடித்துக்கொண்டிருந்தேன். மகள் தரையில் உட்கார்ந்து எலும்புப் படம் போட்ட பெரிய புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் நாற்காலியில் உட்காரவில்லை. நேராக என் முன்னால் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் கேட்டிருப்பேனே. அவன் கைய ஒடிச்சுப் போட்டிருப்பேனே. நான்தான வளர்த்தேன். என் வளர்ப்புதான் சரியில்ல. என்ன மன்னிச்சிரு" என்றாள்.

மாடிக்காரி, அறுபத்து மூன்று வயதுப் பெண், தன் தம்பி செய்யாத காரியத்துக்கு என் காலில் விழக் குனிந்தாள்.

அவளைத் தோளைப் பிடித்து நிறுத்தினேன். மகள் புத்தகத்தை மூடிவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கு மேல் என்னால் முடியவில்லை. நீ நினைக்கிற தைரியசாலியாக இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருப்பேனோ என்னவோ. சொல்லிவிட்டேன். கைக்குட்டையிலிருந்து உன் கடிதம் வரைக்கும் சொன்னேன். மகள்மேல் செய்த சத்தியத்தை மகளுக்கு முன்னாலேயே உடைத்தேன். அவள் தலைக்கு ஏதாவது வந்தால் அது என்னோடு போகட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டு சொன்னேன். பதின்மூன்று வருடம் காத்த விஷயம், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சொன்ன பிறகு பாரம் இறங்கியது என்று கதையில் எழுதுவார்கள். எனக்கு அப்படி ஒன்றும் இறங்கவில்லை. இதோடு உனக்கும் எனக்கும் முடிந்தது என்று மட்டும் தோன்றியது.

நாத்தனார் முதலில் அழுதாள். அவன் அடிக்கலையா, அடிக்கலையா என்று நான்கு முறை கேட்டாள். பிறகு அவளுக்கு வந்த கோபத்தை நான் பார்த்ததே இல்லை. "எந்த ஊர்ல இருக்கா? பஸ் எத்தன மணிக்கு? அந்த நூலகத்து வாசல்ல நின்னு நாலு பேர் கேக்கச் சொல்றேன் எவன் அடிச்சவன்னு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவளைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். அவள் போய்க் கத்தட்டும் என்று என் மனதில் பாதி ஆசைப்பட்டது. பாதிக்கும் மேல்.

மகள்தான் எழுந்து போய் வாசலில் நின்றாள். "அத்தை, மாடி ஆன்ட்டி இன்னும் அந்த வீட்டுலதான் இருக்காங்க" என்றாள். நாத்தனார், அதுக்கு நான் என்ன பண்ண என்றாள். "நாம போய்க் கத்திட்டு சாயங்காலம் பஸ் ஏறிடுவோம். அப்புறம் அங்க அடி யாருக்கு விழும்?" என்று கேட்டாள் என் மகள்.

நாத்தனார் ஒரு கால் செருப்பை மட்டும் கழற்றினாள். கொஞ்ச நேரம் கழித்து அடுத்ததையும் கழற்றினாள்.

அன்று நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம். வெளியில் யாரிடமும் சொல்வதில்லை. கடையில் யாராவது கேட்டால், அது கதை, எங்க வீட்டுல அப்படி ஒண்ணும் நடக்கல என்று மட்டும் சொல்வது. அவர்கள் நம்ப மாட்டார்கள். நம்பாமல் தலையாட்டிவிட்டுப் போவார்கள். இந்த ஊரில் என் கணவர் இனிமேல் பெண்டாட்டியை அடித்தவர்தான். உன் கணவர் மேடையில் கைதட்டு வாங்கியவர்தான். இதை நாங்கள் பெருந்தன்மையாகச் செய்யவில்லை. வயிறு எரிய எரியச் செய்கிறோம். நாத்தனார் இன்னும் ரொட்டி மாவை அடிக்கிற அடியைப் பார்த்தால் உனக்குப் புரியும்.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. நான் மன்னிக்கவில்லை. பத்திரமாக வை என்று உன்னிடம் கொடுத்த மனிதரை நீ எடுத்து உனக்குத் தேவைப்பட்ட இடத்தில் அடைத்துவிட்டாய். உனக்கு வேறு வழி இல்லை என்பது புரிகிறது. புரிவதால் வலி குறைகிறதா என்று இந்த ஒரு மாதமாகப் பார்க்கிறேன். குறையவில்லை. சனிக்கிழமைகளில் இப்போது பட்டறையைச் சீக்கிரம் மூடிவிடுகிறேன். நாவல் எதையும் தொடுவதில்லை. இரண்டு பெண்கள் என்று பின்னட்டையில் பார்த்தாலே கீழே வைத்துவிடுகிறேன்.

மகள் திரும்பிப் போகும் முன் அப்பா படத்தை வெளியே எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, தன் பையில் வைத்துக்கொண்டாள். விடுதி மேசையில் வைக்கப் போகிறாளாம். எனக்கு அது போதும். எனக்கு நியாயம் கிடைத்த இடம் அது ஒன்றுதான்.

அவள் உனக்குச் சொல்லச் சொன்னதை எழுதுகிறேன். இது அவள் சொல், என் சொல் இல்லை. அவள் அறை வருடத்தில் பத்து மாதம் காலியாகத்தான் கிடக்கிறதாம். சாவி எங்கே இருக்கும் என்று உனக்கே தெரியுமாம். கிளம்புவதற்கு முன்னால் யாரிடமும் சொல்ல வேண்டாம், துணிமணி எடுக்க வேண்டாம், நூலகத்துக்குப் போவது போலக் கிளம்பிப் பேருந்து நிலையத்துக்கு வந்துவிட வேண்டுமாம். வந்த பிறகு என்ன செய்வது, யாரைப் பார்ப்பது என்பதை எல்லாம் அவள் விசாரித்து ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறாள். நாத்தனாரும் பக்கத்தில் இருந்தாள். "வரட்டும். நல்லா நாலு கேள்வி கேக்குறேன். அப்புறம் சாப்பிடச் சொல்லுவோம்" என்றாள்.

நீ வந்தால் நான் உன்னோடு பேசுவேனா என்று எனக்கே தெரியாது. பேசாமலும் இருக்கலாம். அதைக் காரணமாக வைத்து வராமல் இருந்துவிடாதே.

வர முடியவில்லை என்றால் ஒரு வரியாவது எழுது. நலமாக இருக்கிறேன் என்று மட்டும் எழுதாதே.

எங்கே இருந்தாலும் முழுசாக இரு.

இப்படிக்கு,
கீழ் வீட்டுப் பல்லுக்காரி